குகதாசன் சேரின் கொரியன் வகுப்பு

சாரங்கா அந்தக் கொப்பியைக் குசினியில், அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து எடுத்தபோது குகதாசன் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்தான்.

ஒளிக்கத் தெரிந்தவன் குசினிக்குள் ஒளிப்பானா? மனிசி ஒரு நாளைக்கு மூன்று தரம் கை வைக்கிற இடம் அது. ஆனால் குகதாசன் பிறவியிலேயே கள்ளம் செய்யத் தெரியாதவன். கள்ளம் செய்யத் தெரியாதவன் கள்ளம் செய்யாமல் இருந்துவிட்டால் இந்தக் கதையே இல்லை.

"இஞ்சாருங்கோ, இது என்ன கொப்பி?"

அவன் வாயில் நுரை. நுரையோடு பதில் சொல்ல முடியாது என்பது கடவுள் கொடுத்த அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் உருப்படியாக ஒன்றும் யோசிக்காமல் இன்னும் வேகமாகப் பல் தீட்டினான்.

எண்பது பக்கக் கொப்பி. இடது பக்கத்தில் வட்டமும் கோடுமாக ஏதோ எழுத்து. வலது பக்கத்தில் அவனுடைய முத்து முத்தான தமிழ்: வாள். நஞ்சு. மருந்து. கதவு. 'பின்னால் பார்.' 'தனியப் போகாதே.'

சமாச்சாரம் இதுதான். குகதாசனுக்கு முப்பத்தைந்து வயது. புதுக்குடியிருப்பில் ஒரு கந்தோரில் கிளாக். குடி இல்லை, வெற்றிலை இல்லை, சீட்டு இல்லை. கொம்பியூட்டரில் கேம் விளையாடுகிற ஒரே ஒரு வியாதிதான். போன வருடம் அடுப்பில் இருந்த சோற்றைப் பார்க்கச் சொல்லிவிட்டு சாரங்கா கோயிலுக்குப் போக, இவன் கேமில் மூழ்கியிருக்க, சோறும் கருகி, பானையும் கருகி, பக்கத்து வீட்டார் வாளியோடு ஓடிவர வேண்டியதாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை வற்றாப்பளை அம்மன் வாசலில் நிறுத்தி வைத்துச் சாரங்கா சத்தியம் வாங்கினாள். "இனி அந்தக் கேமைத் தொடமாட்டன்" என்று குகதாசனும் சொன்னான்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். அந்தக் கேமைத் தொடவில்லை. வேறொன்றைத் தொட்டான்.

இது கொரியாவிலிருந்து வந்தது. குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போக வேண்டும், குகைக்குள் இறங்கிப் பூதங்களோடு மல்லுக்கட்ட வேண்டும், நஞ்சுப் புகை வந்தால் மருந்து குடிக்க வேண்டும், கொல்லனிடம் வாளைக் கொடுத்துத் தீட்ட வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்களோடு சேர்ந்து விளையாடலாம். கொம்பியூட்டரிலும் ஓடும், கொஞ்சம் நல்ல போனிலும் ஓடும். முதற்படத்தில் பிடரி எரிகிற ஒரு குதிரை நின்றதால் குகதாசன் அதற்கு 'நெருப்புக்குதிரை' என்று பெயர் வைத்துக்கொண்டான். உண்மைப் பெயர் கொரியனில் இருந்தது. எல்லாமே கொரியனில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் 'விரைவில்' வரும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் எங்கேயோ இருக்கிற ஒருவனைப் பிடித்துக் கணக்கு ஒன்று திறப்பித்து, கொரிய வாசலாலேயே உள்ளே போய்விட்டான். உள்ளே போனபின்தான் எந்தப் பொத்தான் மருந்து, எந்தப் பொத்தான் நஞ்சு என்று தெரியவில்லை. நாலு தரம் நஞ்சைக் குடித்துச் செத்தபின் கொப்பி வாங்கினான்.

வாயைக் கொப்புளித்துவிட்டு, "அது கொரியன்" என்றான்.

சாரங்காவின் முகம் மாறியது.

"கொரியாவுக்குப் போகப் போறியளோ?"

அவளில் பிழையில்லை. அந்த ஊர்ப் பக்கத்தில் கொரிய எழுத்தென்றால் மொழிச் சோதினை, சோதினையென்றால் கொரியாவில் வேலை, வேலையென்றால் பிளேன். வேறு காரணத்துக்காக ஒரு மனிதன் அந்த வட்டத்தையும் கோட்டையும் எழுதியதாகச் சனம் கேள்விப்பட்டதில்லை.

"என்னை இஞ்ச தனிய விட்டிட்டு அங்க போய் அஞ்சு வருசம் இருக்கப் போறியள். அதுதான் ஒளிச்சு வச்சனீங்கள், என்ன?"

"ஐயோ, போகேல்லை. சத்தியமாப் போகேல்லை."

"அப்ப ஏன் படிக்கிறியள்?"

'கேம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று ஒரு நாள் சண்டையோடு போயிருக்கும். ஆனால் அம்மன் வாசல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"படிப்பிக்க" என்றான்.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று அவனுக்கே தெரியாது.  சாரங்கா கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். 'தனியப் போகாதே' என்ற இடத்தில் விரல் நின்றது.

"நல்ல விசயம்தானே. அதை ஏன் அரிசி வாளிக்குப் பின்னால வச்சனீங்கள்? கொப்பி என்னட்ட இருக்கட்டும். உறை போட்டுத் தாறன்."

தப்பினேன் என்று குகதாசன் நினைத்தான். கொப்பிக்கு உறை போட அவளுக்கு இரண்டு நாள் எடுத்தது. திருப்பித் தரும்போது, "சனிக்கிழமை நாலு மணிக்கு முதல் வகுப்பு. நாலு பேர் வருகினம்" என்றாள்.

"எந்த நாலு பேர்?"

"படிக்கிற நாலு பேர். நீங்கள்தானே படிப்பிக்கப் போறன் எண்டு சொன்னனீங்கள்."

சாரங்கா முன்பள்ளி ஆசிரியை. ஒன்றைத் தொடங்கினால் அரைகுறையில் விடுகிற பழக்கம் அவளிடம் இல்லை. முன்பள்ளியில் கழித்து விட்ட வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து முன் விறாந்தையில் சாத்தினாள். அதன் மூலையில் யாரோ அழியாத மையால் கீறிய வாத்து ஒன்று இருந்தது. என்ன தேய்த்தும் போகவில்லை. குகதாசன் சேர் படிப்பித்ததெல்லாம் அந்த வாத்துக்குக் கீழேதான்.

வந்த நாலு பேரையும் பார்த்துவிடுவோம். ஒருத்தி கஜேந்தினி, மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை. அடுத்தது சுதாகரன், கிளிநொச்சி பஸ்ஸில் கொண்டக்டர். மூன்றாவது யஹ்யா நானா, சந்தியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். நாலாவது ஆளைக் கண்டதும் குகதாசனுக்குத் தலை சுற்றியது. தவராசா அண்ணை. வயது ஐம்பத்துநாலு. எட்டு ஏக்கர் வயல். கையில் மகன் கனடாவிலிருந்து அனுப்பிய பலகை அளவு போன்.

கொரியாவில் நாற்பது வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். மெதுவாகக் கேட்டுப் பார்த்தான்.

"அண்ணை, உங்கட வயசுக்கு..."

"படிப்புக்கு வயசில்லை, சேர்" என்றார் தவராசா. தெருவில் கண்டால் 'தம்பி' என்பவர், வாத்துப் பலகைக்கு முன்னால் இருந்தவுடன் 'சேர்' என்றார். அந்தச் 'சேர்' குகதாசனின் நெஞ்சில் போய்க் குத்தியது.

முதல் மூன்று கிழமை குறையில்லை. எழுத்துக்கள்தானே. அவற்றை அவன் ஒழுங்காகப் படித்திருந்தான், ஒழுங்காகவே சொல்லிக் கொடுத்தான். நாலாம் கிழமை சொற்களுக்கு வர வேண்டியிருந்தது. அவனிடம் இருந்த சொல்லெல்லாம் அந்தக் கொப்பிக்குள் இருந்தவைதான். 'வணக்கம்' என்பதற்குக் கொரியனில் என்ன என்று அவனுக்கு நிச்சயமில்லை. அந்தக் குதிரை உலகத்தில் ஒருவருக்கும் வணக்கம் சொல்ல நேரம் இருந்ததில்லை.

அவன் பயந்ததற்கு மாறாக மாணவர்கள் வணக்கத்தைக் கேட்கவில்லை.

"சேர், நஞ்சுக்கு என்ன சொல்லுறது?" கஜேந்தினி கேட்டாள்.

"தொக்."

"நஞ்சு முறிக்கிற மருந்துக்கு?"

"ஹேதொக்ஜே."

மருந்துக்கடைப் பிள்ளை மருந்தைப் பற்றித்தானே கேட்கும் என்று குகதாசன் மனதைத் தேற்றிக்கொண்டான்.

யஹ்யா நானா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இரும்பை உருக்கி அடிக்கிற ஆளுக்கு அவங்கட பாசையில என்ன பேர் தம்பி?"

"தேஜாங்ஜாங்கி."

"மறுக்காச் சொல்லுங்கோ, எழுதுறன்."

இரும்புக் கடைக்காரர் இரும்பை விட்டு எங்கே போவார்? சுதாகரன் 'ஏறு', 'இறங்கு', 'இடமில்லை' மூன்றையும் கேட்டான். கொண்டக்டர் வேறு என்னத்தைக் கேட்பான்? தவராசா அண்ணை காட்டுப்பண்டிக்குக் கொரியனில் என்ன என்று கேட்டார். அவருடைய வயல் காட்டுக்கரையில். பண்டியால் அவர் பட்ட பாடு ஊரறிந்தது.

"மெத்துவேஜி."

"பெரிய பண்டியெண்டா?"

"பெரிய மெத்துவேஜி எண்டு வையுங்கோவன்."

பின் கதிரையில் இருந்த சாரங்காவும் குனிந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள். மனிசியும் படிக்கிறாள் என்று கண்டதும் குகதாசனுக்கு வியர்த்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். இவனுடைய பொய் பொருந்தியது மட்டுமில்லாமல், கிழமைக்குக் கிழமை வீட்டுப்பாடமும் செய்துகொண்டு வந்தது.

இந்த வகுப்பால் ஒரே ஒரு நன்மை. சத்தியம் தானாகவே நிறைவேறியது. கந்தோரால் வந்து அடுத்த பாடத்துக்கு ஆயத்தம் செய்யவே அவனுக்குப் பொழுது போதவில்லை. நெருப்புக்குதிரையைக் கண்ணால் கண்டு இரண்டு மாதமாயிற்று. கொம்பியூட்டர் இருந்த அறையையும் சாரங்கா எடுத்துக்கொண்டாள்.

"நீங்கள் விறாந்தையில இருந்து பாடத்தைப் பாருங்கோ. எனக்கு முன்பள்ளி அறிக்கை அடிக்கோணும்."

பதினேழு பிள்ளைகள் படிக்கிற முன்பள்ளிக்கு ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு மணித்தியாலம் அறிக்கையா என்று குகதாசன் ஒரு நாள் வியந்ததுண்டு. மேலிடத்துக்கு எப்போதும் கடதாசி போதாதுதான் என்று விட்டுவிட்டான்.

ஆனால் மனச்சாட்சி சும்மா இருக்குமா? இந்த நாலு அப்பாவிகளும் ஒரு நாள் சோதினைக்குப் போவார்கள். அங்கே வணக்கம் சொல்லச் சொன்னால் வாளை உருவு என்பார்கள். அதற்குக் காரணம் யார்?

பாவத்தைக் குறைக்க முதலில் ஒரு வழி செய்தான். "நான் ஒருத்தரிட்டையும் காசு வாங்கமாட்டன்" என்று அறிவித்தான். வாங்கினால்தானே ஏமாற்று. கிழமை முடிய முதல் செய்தி ஊரெல்லாம் போய்விட்டது. ரியூசனுக்குப் பெயர்போன ஊரில் காசு வாங்காமல் படிப்பிக்கிற மனிதன் என்றால் சும்மாவா? சந்தையில் ஒரு அம்மா அவனைக் காட்டித் தன் மகனுக்குப் புத்தி சொன்னார். சனசமூக நிலையத் தலைவர் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, உங்களைப்போல ஆக்களைக் கௌரவிக்காட்டி இந்த ஊர் ஊரே? பொன்னாடை ஒண்டு போர்த்தவேணும்" என்றார். குகதாசன் வேண்டாம் என்று கெஞ்சினான். வேண்டாம் என்றவனுக்கு மாலையும் சேர்த்துப் போடுவதென்று தீர்மானமாயிற்று.

அடுத்த வழி, உண்மையான பாடத்தைப் படிப்பிப்பது. இணையத்தில் தேடி, கொரியாத் தொழிற்சாலைப் பாடம் ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வந்தான். 'தலைக்கவசம் அணியவும்.' 'இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துப்புரவு செய்யவும்.' கால் மணித்தியாலத்தில் தவராசா அண்ணை நித்திரை. கஜேந்தினி கொட்டாவியைக் கையால் மறைத்தாள்.

"சேர், இது எங்களுக்குத் தேவைப்படாது" என்றான் சுதாகரன்.

"தேவைப்படாதோ? சோதினையில இதைத்தானே கேப்பினம்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் யஹ்யா நானா, பதமாக. "ஆனா போன கிழமை அந்தக் குகைப் பாடத்தை அரைவாசியில விட்டிட்டியள். எடுத்த பாடத்தை முடிச்சிட்டு இதுக்கு வருவம்."

"விண்ணப்பம் எல்லாரும் போட்டாச்சோ?"

"போடுவம் சேர். அதுக்கென்ன அவசரம்" என்றார் அப்போதுதான் விழித்த தவராசா.

இவ்வளவு நம்பிக்கையா என்று குகதாசனுக்குக் கண் கலங்கியது. தலைக்கவசத்தை மடித்து வைத்துவிட்டுக் குகைப் பாடத்தை எடுத்தான். எல்லாரும் நிமிர்ந்து இருந்தார்கள்.

தவராசாவின் மனிசி இராசமலர் அக்கா சந்தியில் கண்டு முறைப்பட்டார்: "என்ன படிப்பு தம்பி இது? இந்த மனிசன் வயலுக்குப் போய் வரம்பில இருந்துகொண்டும் போனைப் பாத்துப் படிக்குது. பண்டி வந்து நெல்லைத் திண்டாலும் தெரியாது." 

விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. சிறப்பு விருந்தினர் வவுனியா சிறாஜ். கொரியாவில் இரும்பு வார்க்கிற ஆலையில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர், யஹ்யா நானாவின் மச்சான் முறை. 'மேடையில் இரண்டு பேரும் கொரியனில் கதைப்பார்கள்' என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். அதை வாசித்த குகதாசனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விழாவுக்கு ஒரு கிழமை முன்னதாகவே சிறாஜ் வகுப்பைப் பார்க்க வந்துவிட்டார். மெலிந்த, அமைதியான மனிதர். பின்னால் இருந்து கேட்டார். கேட்கக் கேட்கப் புருவம் மேலே போனது. பாடம் முடிய, தவராசா அண்ணைக்குப் பக்கத்தில் குனிந்து கொரியனில் ஏதோ கேட்டார். பெயர் என்ன என்றுதான் கேட்டிருப்பார்.

தவராசா கொஞ்சம் யோசித்தார். பிறகு நல்ல உச்சரிப்போடு, "ஹொன்ஜா காஜி மா" என்றார்.

தனியப் போகாதே என்று அர்த்தம். சிறாஜ் தலையை ஆட்டிவிட்டுக் கஜேந்தினியைப் பார்த்தார். அவள் தனக்கு நஞ்சு ஏறிவிட்டதென்றும் மருந்து வேண்டுமென்றும் பணிவாகச் சொன்னாள்.

தேத்தண்ணி குடிக்கும்போது சிறாஜ் குகதாசனைத் தனியாக மாமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. இவை கதைக்கிறது கொரியன்தான். நல்ல சுத்தமான கொரியன். ஆனா ஆறு வருசம் நான் அங்க இருந்தனான். குகைக்குள்ள பூதம் நிக்குது எண்டு ஒருத்தரும் என்னட்டச் சொன்னதில்லை."

குகதாசன் கோப்பையை மாமர வேரில் வைத்தான்.

"சபையில நான் ஒண்டும் கதைக்கமாட்டன்" என்றார் சிறாஜ். "ஆனா இந்த நாலு பேரும் உங்களை நம்பியிருக்கினம். அவையிட்ட நீங்களாச் சொன்னால் நல்லது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் குகதாசன் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. கந்தோரில் திகதி முத்திரையைத் தலைகீழாகக் குத்தினான். நாலு பேரின் முகத்தையும்விட அவனை வாட்டியது ஐந்தாவது முகம்தான். கலியாணம் முடித்து ஏழு வருடத்தில் சாரங்கா அவனைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகக் கதைத்தது இந்த மூன்று நாலு மாதம்தான். அவள் அந்த வாத்துப் பலகையைத் துடைக்கும்போது பாட்டுப் பாடுவாள். உண்மை தெரிந்தால் அந்தப் பாட்டு நிற்கும். அம்மன் வாசலில் சொன்ன சொல்லும் வெளியே வரும். அதற்குப் பிறகு அவள் இவனை நம்புவாளா?

என்றாலும் சொல்லத்தான் வேண்டும். விழாவை முன்னிட்டு அந்தச் சனிக்கிழமை வகுப்பில்லை. பின்னேரம் அறை வாசலில் போய் நின்றான். சாரங்கா காதில் கருவியைப் போட்டுக்கொண்டு, கொம்பியூட்டரில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"சாரங்கா, ஒரு விசயம் சொல்லோணும்."

அவள் திரையைத் தாழ்த்திவிட்டுத் திரும்பினாள். "அறிக்கை நாளைக்குக் குடுக்கோணுமப்பா. அவசரமோ?"

"அவசரமில்லை."

"அப்ப நாளைக்குச் சொல்லுங்கோ. முகம் ஏன் வாடிக் கிடக்கு? பொன்னாடை போர்த்துற ஆள் சிரிச்ச முகமா இருக்கோணும்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதோ, ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வாங்க எந்தக் கந்தோரும் திறந்திருக்காது என்பதோ கந்தோரில் வேலை செய்கிற குகதாசனுக்கு உறைக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சுக்கு மற்றவர்களில் குற்றம் தெரியாது.

ஞாயிறு விடிய அவன் எழும்பி வந்தபோது சாரங்கா கிணற்றடியில் நின்று யார் யாருக்கோ போன் எடுத்துக்கொண்டிருந்தாள். குரலில் ஒரே சந்தோசம். தன்னுடைய விழாவுக்கு ஆள் சேர்க்கிறாள் என்று நினைத்ததும் குகதாசனுக்கு நெஞ்சு உருகிவிட்டது. இந்த மனிசியையா ஏமாற்றினேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மத்தியானம் வேட்டி சால்வையோடு வெளிக்கிட்டான்.

"நீர் வரேல்லையோ?"

"நீங்கள் முதல்ல போங்கோ. கையில இருக்கிற வேலையை முடிச்சிட்டு வாறன்."

சனசமூக நிலையத்தில் நாற்பது கதிரை போட்டிருந்தார்கள். முப்பது நிரம்பியிருந்தது. வாசலில் இராசமலர் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நின்று பொட்டு வைத்துவிட்டார். மேடைக்கு நேரே முன்வரிசையில் ஐந்து கதிரையில் கடதாசி ஒட்டியிருந்தது. நாலில் 'மாணவர்', ஒன்றில் 'திருமதி'. ஐந்தும் வெறுமையாகக் கிடந்தன.

மூன்றரை ஆயிற்று. தலைவர் பேசத் தொடங்கினார். தமிழ் எப்படித் தோன்றியது என்பதிலிருந்து தொடங்கியதால் கொரியனுக்கு வந்து சேர நேரமெடுத்தது. ஐந்து கதிரையும் அப்படியே கிடந்தன.

குகதாசன் போனை எடுத்துப் பார்த்தான். சாரங்காவுக்கு அடித்தான், எடுக்கவில்லை. சுதாகரனுக்கு அடித்தான், எடுக்கவில்லை. தவராசா அண்ணையின் போன் எந்த நேரமும் கையில்தான் இருக்கும். அவரும் எடுக்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. எல்லாம் தெரிந்துவிட்டது. சிறாஜ் சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். நாலு பேரும் சாரங்காவிடம் போய் நியாயம் கேட்டிருப்பார்கள். அவள் அந்தக் கொப்பியையும் அம்மன் வாசலையும் சேர்த்துப் பார்த்திருப்பாள். இனி அந்தக் கதிரையில் அவள் வந்து இருக்கமாட்டாள்.

தலைவர் பொன்னாடையை விரித்தார். பச்சைப் பட்டு, தங்கக் கரை. குகதாசன் எழும்பிக் கையை நீட்டி அதைத் தடுத்தான். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"எனக்கு இது வேண்டாம்" என்றான். "நான் சேர் இல்லை. எனக்குக் கொரியன் தெரியாது."

 சிறாஜ் நிலத்தைப் பார்த்தார்.

"நான் கொம்பியூட்டரில ஒரு கொரியன் கேம் விளையாடினனான். அதுக்காகக் கொஞ்சச் சொல்லு எழுதிவச்சனான். மனிசி கொப்பியைக் கண்டிட்டா. பயத்தில படிப்பிக்கப் போறன் எண்டு பொய் சொன்னனான். கேம் விளையாடமாட்டன் எண்டு வற்றாப்பளை அம்மன் வாசலில அவாவுக்குச் சத்தியம் பண்ணினனான், அதையும் மீறினனான். அந்த நாலு பேரும் என்னை நம்பி நாலு மாசமா வந்தவை. வாளும் நஞ்சும் குகையும்தான் சொல்லிக் குடுத்தனான். அவையின்ர காலத்தை வீணாக்கிப் போட்டன். எல்லாம் தெரிஞ்சுதான் இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை. என்ர மனிசியும் வரேல்லை. அவா இனி என்னோட கதைப்பாவோ தெரியாது."

 சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தான். தலைவர் பொன்னாடையைப் போர்த்துவதா மடிப்பதா என்று தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது.

வாசலில் நின்ற இராசமலர் அக்கா சந்தனக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, விரலைத் துடைத்தபடி இரண்டடி முன்னால் வந்தார். அவருடைய முகத்தில் கோபமில்லை. இந்தப் பெடியன் ஏன் அழுகிறான் என்ற யோசனைதான் இருந்தது.

"உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ தம்பி?" என்றார். "அந்தக் குதிரைக் கேம் இண்டைக்கு இங்கிலீசில வந்திட்டுதாம், இனிக் கொரியனும் வேண்டாம் வகுப்பும் வேண்டாம், கெதியா வாங்கோ எண்டு விடியக் காலமை போன் எடுத்து அவை நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதே உம்மட மனிசிதானே."